ஏட்டையாவின் முள்ளம்பன்றி

பக்கத்து வீட்டு ஏட்டையா காதுபட யாரும் “காணோம்” என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தது. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிடுவார். கடைசியாக எப்போது பார்த்தாய், யார் வந்தார்கள், அப்போது நீ எந்தப் பக்கம் திரும்பி நின்றாய் என்று ஆரம்பித்துவிடுவார்.

நான் சுரண்டையிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தவள், “ஊக்கைக் காணோமே” என்று எனக்குள் முனகினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “எப்பமிருந்து காணோம்?” என்று ஒரு குரல் வந்தது. அன்று உச்சிப்பொழுது வரை விசாரணை நடந்தது. ஊக்கு என் சேலைத் தலைப்பிலேயே குத்தியிருந்தது. கிடைத்துவிட்டது என்று காட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை.

“அங்க எப்படிப் போச்சு?” என்றார்.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க ஏட்டையா என்றது. நான் மாமா என்றேன். அவர் சம்சாரத்தை அத்தை என்றேன். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி அழைக்கும் தைரியம் உள்ளவர்கள் எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வேலையை விட்டு வந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டார் என்று அத்தை சொல்வாள். கத்தரி, வெண்டை, புடலை, பூசணி, சிறுகிழங்கு, வேலி ஓரமாக அவரைப் பந்தல். பூச்செடி ஒன்றுகூடக் கிடையாது. கத்தரிச் செடிகள் கயிறு பிடித்து நட்டது போல வரிசையாக நிற்கும். புடலங்காய் ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எல்லாரும் செய்வதுதான். அவர் காரணம்தான் வேறு. “ஒரு தடவ வளைஞ்சிட்டா அப்புறம் அதுக்கு அதுவே பழகிரும்” என்பார்.

அவர் பேர் பெற்றது குற்றாலத்தில். சீசன் நாளில் அருவிக்கரையில் கழற்றி வைக்கிற வேட்டி சட்டையெல்லாம் தொடர்ந்து களவு போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளியூர்ப் பெரிய மனிதர்கள் ஈரத்துண்டோடு ஸ்டேஷனில் வந்து நிற்கிறார்கள். இவரை அனுப்பினார்கள். இவர் போய்ப் பாறைமேல் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஒருவனைப் போய்க் கையைப் பிடித்தார். எப்படித் தெரிந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

“குத்தாலத்துக்கு வந்து தலை நனையாதவன் வேற எதுக்கு வந்திருப்பான்?” என்றாராம் இவர்.

இந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் சொல்லுவார். அவர் கடையில் நடந்த ஒரு திருட்டையும் ஏட்டையா கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து அண்ணாச்சிக்கு இவர் தெய்வம்.

களவு என்றால் அவருக்குச் சின்னது பெரியது கிடையாது. ஒரு தீபாவளியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தவர், தோட்டத்தில் கத்தரிக்காய்கள் குறைவதைப் பார்த்துவிட்டார். எழுந்துவிட்டார். தலையில் எண்ணெய் வழிகிறது. வெந்நீர் கொதிக்கிறது. வாசலில் பேரப்பிள்ளைகள் வெடி போடுகிறார்கள். இவர் செடி செடியாகக் குனிந்து காம்பைப் பார்க்கிறார். பிறகு நேரே அடுப்படிக்குப் போனார். அத்தை அங்கே எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து ஒரு காயைக் கரண்டியால் தூக்கிக் காம்பைத் திருப்பிப் பார்த்தார்.

“கத்தியால அறுத்திருக்கு. கையால ஒடிக்கல. வீட்டு ஆளுதான்” என்றார்.

“ஆமா, நான்தான் அறுத்தேன். நல்ல நாளும் அதுவுமா தலையில எண்ணெயோட என்ன செய்யுதிய?” என்றாள் அத்தை.

“சொல்லிட்டு அறுத்திருக்கணும்.”

“யாருட்ட?”

கொஞ்சம் யோசித்து, “இந்தத் தடவ விடுதேன்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பிறகு இலையில் உட்கார்ந்து அந்தக் கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அத்தை என்னிடம் வந்து சொன்னாள்.

நான் சொல்ல வந்தது யுத்த காலத்தில் நடந்தது. அரிசி கிடைக்காத வருஷம். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுதான் தெருவில் பல வீடுகள் பொழுதைத் தள்ளின. வீட்டில் நாலு காய் காய்த்தவர்கள் பாக்கியவான்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால், அடுத்த தெருவைப் பார்த்த வாசலோடு, பெரிய வீடு என்று ஒரு வீடு இருந்தது. ஒரு காலத்தில் வயலும் தோப்பும் கோயில் மரியாதையும் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் செத்த பிறகு பங்காளிகள் வழக்குப் போட்டு நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது வீடும், மதினியும், இரண்டு பெண் குழந்தைகளும். மதினி என்று நாங்கள் சொல்வது அந்த வீட்டம்மாளை. வெள்ளைச் சேலையில், எலும்பும் தோலுமாக, ஆனால் நிமிர்ந்து நடப்பாள். வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால், “வழக்கம்போலத்தான்” என்பாள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு ஏட்டையா பறித்ததில் நல்ல பூசணிக்காய் ஒன்றை அத்தையிடம் கொடுத்து, பெரிய வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அவர் அப்படிக் கொடுத்தனுப்பி நான் பார்த்ததில்லை. அத்தை போன சுருக்கில் பூசணிக்காயோடு திரும்பி வந்தாள்.

“எங்க வீட்ல காய்க்கு என்ன குறைச்சல், ஏட்டம்மா? நீங்க வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டா.”

ஏட்டையா பூசணிக்காயை வாங்கிப் பரண்மேல் வைத்தார். அடுத்த வாரம் அதை நாங்கள் இரண்டு வீட்டாருமாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

தீபாவளி கழிந்து அடைமழை பிடித்தது. மழை வெறித்ததும் அவரை பூத்தது. அவரைக்குப் பனி வேண்டும். மார்கழிப் பனி இறங்கினால்தான் பூ நின்று காயாகும். அதற்கு முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்ப்பதை ஏட்டையா பிள்ளையைப் பார்ப்பது போலத் தினமும் பார்ப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலையில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“காணோம்.”

அந்த வார்த்தையை அவரே சொல்லி அன்றுதான் கேட்டேன். முதலில் அவரைக்காய். பிறகு நாலைந்து கத்தரி. பிறகு ஒரு மண்வெட்டிப் பரப்பில் சிறுகிழங்குச் செடியே தோண்டப்பட்டிருந்தது. கிழங்கு இன்னும் திரளாத பருவம். பிஞ்சுக் கிழங்கைத் தோண்டுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

“விளைஞ்சதக் களவாண்டா கள்ளன். விளையாததக் களவாண்டா அவன் மடையன்லா” என்றார்.

என்னையும் விசாரித்தார். என் வீட்டுக்காரரையும் விசாரித்தார். தாலுகா ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்ற மனிதர், கையில் குடையோடு, தனக்கு அவரைக்காய் பிடிக்காது என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஏட்டையா அடுப்புச் சாம்பலை ஒரு முறத்தில் வாரிக்கொண்டு போய் வேலி ஓரம் முழுக்கத் தரையில் சலித்துத் தூவினார். காலடி விழுந்தால் அச்சாகப் பதியும். போலீஸ்காரர் வித்தை.

மறுநாள் விடிந்ததும் நான் துவைகல்லின் மேல் ஏறிச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். அவர் பந்தலடியில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“ஆப்பிட்டுதா மாமா?”

“இந்தா பதிஞ்சிருக்கு. செருப்பில்லாத காலு” என்றார் உற்சாகமாக. “சின்னக் காலு. ஆம்பளை இல்ல. பொம்பளைதான். விரல்ல மெட்டி...”

அதோடு நிறுத்திக்கொண்டார். தடம் வந்த வழியே பார்வையை ஓட்டினார். வேலியில் கிளுவைக் கம்புகள் விலகி ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அதற்கப்பால் பெரிய வீட்டுக் கொல்லை. அந்த வீட்டில் மெட்டி போடாத பொம்பளைக் கால் ஒன்றுதான்.

ஏட்டையா எழுந்தார். தன் காலாலேயே அந்தத் தடத்தைத் தேய்த்தார். பக்கத்தில் இருந்ததையும் தேய்த்தார். சந்து வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்து, “முள்ளம்பன்றி” என்றார்.

“முள்ளம்பன்றியா?”

“ஆமா. மலையிலிருந்து இறங்குது.”

“முள்ளம்பன்றி அவரைக்காய் திங்குமா மாமா?”

“பசிச்சா திங்கும்.”

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். “பந்தல் தலைக்கு மேல கிடக்கு. முள்ளம்பன்றிக்கு எப்படி எட்டும்?”

“நின்னு பறிக்கும்” என்றார் ஏட்டையா.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தேய்ந்து கிடந்த சாம்பலைப் பார்த்தேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அன்று முதல் அவர் தெருவில் யாரைப் பார்த்தாலும் முள்ளம்பன்றியைப் பற்றிப் பேசினார். அதன் வழக்கம், அது வருகிற நேரம், அதன் தந்திரம். சாம்பல் தூவுவதை விட்டுவிட்டார். வேலியில் மற்ற இடமெல்லாம் முள் வைத்து அடைத்தார். அந்தச் சந்தை மட்டும் அடைக்கவில்லை. கேட்டால், வழியை அடைத்தால் முள்ளம்பன்றி உஷாராகிவிடும் என்றார். நம்பாதவர்களுக்காக ஒருநாள், குளித்துவிட்டு வருகிறேன் என்று குற்றாலத்துக்குப் போய், சாயங்காலம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளோடு வந்தார். தோட்டத்தில் கிடந்தது என்று எல்லாருக்கும் காட்டினார். அப்படிப்பட்ட முள் அங்கே கடைகளில் விற்கும். அவர் தலை நனைந்திருக்கவில்லை.

தெரு சிரிக்க ஆரம்பித்தது. குற்றாலத்துக் கூட்டத்தில் கள்ளனைப் பிடித்த மனிதருக்குச் சொந்தக் கொல்லையில் கள்ளனைத் தெரியவில்லையே என்றார்கள். காப்பிக் கடையில் இளவட்டங்கள் அவரை நிறுத்தி, “ஏட்டையா, முள்ளம்பன்றி கைரேகை எடுத்தாச்சா?” என்று கேட்டார்கள்.

“எடுத்தாச்சுலே. பொருந்தல” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பின்னால் சிரிப்பது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. முன்பெல்லாம் யார் வீட்டில் என்ன தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். இப்போது வருவதில்லை. அவர் வாசலில் மேல்துண்டோடு உட்கார்ந்திருப்பார்; யாராவது ஏதாவது காணோம் என்று சொல்ல மாட்டார்களா என்று தெருவைப் பார்ப்பார். பிறகு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தெய்வத்தைத் தெரு சிரிக்கிறதே. அவர் பண்பொழிக்கு ஆள் அனுப்பி, மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற இரும்புப் பொறி ஒன்றை வரவழைத்தார். பல் வைத்த பொறி. மிதித்தால் கவ்விக்கொள்ளும். அதை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அவர் வந்தபோது, ஏட்டையா வாசுதேவநல்லூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

“அவரு வரட்டுமே அண்ணாச்சி” என்றாளாம் அத்தை.

“அவரு வந்தா எதுக்கு உனக்குச் சிரமம்பாரு. நீங்க சும்மா இருங்கம்மா. எனக்குச் செஞ்சதுக்கு நான் இதக்கூடச் செய்யாண்டாமா?”

அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே பொறியை வைத்து, சருகைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். ஏட்டையா கடைசி பஸ்ஸில் வந்து, களைப்பில் சாப்பிட்டதும் படுத்துவிட்டார்.

மார்கழி பிறந்திருந்தது. முதல் பனி அன்றுதான் இறங்கியது. வாசல் தெளிக்கத் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்கு வந்தேன். பத்தடிக்கு அப்பால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் அத்தை மாமாவிடம் பேசுவது கேட்டது. “உங்கள்ட்டச் சொல்ல மறந்துட்டேன். நேத்து அண்ணாச்சி வந்து வேலிகிட்ட ஒரு பொறிய வச்சிட்டுப் போயிருக்காரு.”

அடுத்த கணம் கொல்லைக் கதவு படார் என்று திறந்தது. அவர் அப்படி ஓடி நான் கேட்டதில்லை. அதே சமயம் வேலிப் பக்கம் கிளுவைக் கம்பு அசையும் சத்தமும் கேட்டது. பிறகு இரும்பு இரும்பில் அறைந்தது.

நான் துவைகல்லில் ஏறினேன். ஏட்டையா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கால் பொறிக்குள் இருந்தது. கணுக்காலுக்கு மேல் பற்கள் இறங்கியிருந்தன. ஒரு சத்தம் போடவில்லை. அவருக்கு முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மதினி நின்றாள். சேலை மடியில் நாலு அவரைக்காய். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் அந்தக் கால் அவளுடையதாக இருந்திருக்கும். ஓடி வரும்போதே அவர் குரல் கொடுத்திருக்கலாம். தாயி, அங்கன வராதே என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லியிருந்தால் அவள் வருவது அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தாயி, பயப்படாத. காலு பொறியில மாட்டிக்கிட்டு. உன் மாப்பிள்ளைய எழுப்பிக் கடப்பாரையோட வரச் சொல்லு.”

நான் இறங்கப் போனேன்.

“கேளு” என்றார். மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி சொல்கிறவர் போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “இங்கன வேற யாரும் இல்ல.”

“இல்ல மாமா” என்றேன்.

மதினியின் கை வாயைப் பொத்தியிருந்தது. என் வீட்டுக்காரரோடு நான் திரும்பி வந்தபோது உண்மையாகவே அங்கே வேறு யாரும் இல்லை.

கடப்பாரையால் நெம்பிக் காலை எடுத்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறியவில்லை. சதை கிழிந்திருந்தது. அண்ணாச்சி ஓடி வந்து கட்டிலடியில் அழுதார்.

“பன்னிக்கு வச்சது உங்க காலப் பிடிச்சிட்டே, ஏட்டையா!”

“பொறி நல்ல பொறி, அண்ணாச்சி” என்றார் ஏட்டையா.

தெருவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கள்ளனுக்கு வைத்த பொறியில் போலீஸ் மாட்டிக்கொண்ட கதை கடைவீதி வரை போய், சுரண்டையில் என் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டது. என் தம்பி அதை என்னிடமே சொல்லிச் சிரித்தான்.

பனி இறங்கியதால் அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. ஏட்டையா காலில் கட்டோடு தோட்டத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் காய்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். களவு போகாத தோட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

ஒருநாள் என்னைச் சுவரருகே கூப்பிட்டார். “தாயி, உன் மாடியிலிருந்து பெரிய வீட்டு அடுப்படி தெரியும்லா? புகை வருதா?”

ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். “இல்ல மாமா.”

“நேத்து?”

“நேத்தும் பாத்த ஞாபகம் இல்ல.”

தலையைக் குனிந்துகொண்டார். அத்தை ஒரு கூடையை எடுத்தாள். “நான் கொண்டுபோய்க் கொடுக்கேன். வாசல்ல வச்சிட்டு வந்திருதேன்.”

“திருப்பி அனுப்புவா. ரெண்டாந்தடவ அனுப்ப வைக்கக் கூடாது, ஏட்டி. கூடையக் கீழ வை” என்றார். அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அதற்கு மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ, நல்ல வெயில் வந்த பிறகு, மதினி வந்தாள். கொல்லை வழியாக இல்லை. தன் வீட்டு வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றி, காப்பிக் கடையைத் தாண்டி, மூத்த பெண்ணின் கையில் ஒரு கூடையைக் கொடுத்து அழைத்துக்கொண்டு, எங்கள் தெரு முழுக்கப் பார்க்க வந்தாள். நான் அப்போது அத்தையோடு வாசலில் அரிசிக்குப் பதிலாக வந்த சோளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“வாங்க” என்று அத்தை எழுந்தாள்.

மதினி படியேறவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமலே பேசினாள்.

“ஏட்டம்மா, எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காய் வேணும். கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

சொல்லும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்து நடைவழியாகக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன்.

ஏட்டையா முக்காலியில் இருந்தார். வாசலில் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மதினி கொல்லை வாசலைத் தாண்டியதும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டுப் போட்ட காலையும் தரையில் ஊன்றினார்.

“நீங்க இருங்க, நான் பறிச்சுத் தாரேன்” என்றாள் அத்தை மதினியிடம்.

“வேண்டாம். அவங்களே பறிச்சுக்கிடட்டும்” என்றார் ஏட்டையா.

மதினி பந்தலுக்குள் போனாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு கொத்தாகப் பார்த்து, கொடி அறுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பறித்துக் கூடையில் போட்டாள். பெண் குழந்தை கூடையை நகர்த்திக்கொண்டே வந்தது.

“காலு வீங்கும். உக்காருங்க” என்று அத்தை ஏட்டையாவின் பக்கம் போய் மெதுவாகச் சொன்னாள்.

“சும்மா இரு” என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை நிற்பது போல, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றார். காலில் சுற்றிய கட்டுத் துணியில் மெல்லச் சிவப்பு ஊறியது. கூடை நிறைந்து, மதினி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே தெருவுக்குப் போகும்வரை அவர் உட்காரவில்லை.